கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவள்

கைகளைக் கழுவித் துடைத்த பிறகும் சம்ஃபிரா உடனே கட்டிலுக்குப் போவதில்லை. வார்டு வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்க்கிறாள், விருந்துக்கு உட்காரப் போகிறவளைப் போல. சில்லென்ற கை பட்டால் மனிதன் உள்ளுக்குள் சுருங்கிவிடுவான், அப்புறம் அவனை வெளியே வரவழைக்க ஒரு பகல் முழுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. கை சூடானதும் கதவை முழங்கையால் தட்டுகிறாள். உள்ளே ஆறு கட்டில்கள். படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு "வா" என்று சொல்ல நாக்கு புரளாது. ஆனாலும் தட்டுகிறாள். பதில் வந்ததுபோல் ஒரு கணம் பொறுத்துத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிறாள்.

சிரெட் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்கள் படுக்கும் வார்டில் அவள் உதவியாள். டாக்டர் எழுதுவார், சிஸ்டர் ஊசி போடுவாள். மிச்சமிருக்கும் மனிதன் சம்ஃபிராவுக்கு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மலம் மூத்திரம் எடுப்பது, தலை வாருவது, பல் செட்டைக் கழுவுவது எல்லாம் அவள் பாடு. வயது ஐம்பத்தாறு. குள்ளம், குள்ளத்துக்கு ஏற்ற அகலம். நடந்தால் ரப்பர் செருப்பு கீச்சுக் கீச்சென்று கத்தும். சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டதுமே வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

வேலை செய்யும்போது வாய் ஓயாது. ஆனால் வெட்டிப் பேச்சு இல்லை. அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதைத்தான் சொல்லிக்கொண்டே போவாள். "இப்ப முகம் துடைக்கிறேன். கண்ணுல ஆரம்பிக்கிறேன், சோப்பு இல்ல, பயப்படாதீங்க. இப்ப உங்க இடது கையைத் தூக்குறேன். அது தூங்குது, நான் சுமந்துக்கிறேன்." நினைவே இல்லாமல் கிடப்பவரிடமும் இதே ஒப்பிப்புதான். துணியின் ஒரு முனை ஒரு கண்ணுக்கு, மறுமுனை மறு கண்ணுக்கு. மூக்கோரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக. துடைக்கிற பாகம் மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் துண்டுக்கு அடியில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒரு பெரியவரின் போர்வையை ஒரேயடியாக உருவியபோது, "சோளக்கதிரா உரிக்கிறே?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு யார் போர்வையையும் அப்படி உருவியதில்லை.

ஊருக்கு அவள்மேல் ஒரு குறை உண்டு. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் எப்போதும் ஒரே காட்சிதான் படும். வயதான ஓர் அம்மாள் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். எதிரே சம்ஃபிரா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயிலை எதிர்பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டரைப் போல் நிற்பாள். கல்நெஞ்சுக்காரி என்றும் உடம்பு வணங்காதவள் என்றும் தாழ்வாரத்தில் பேசிக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். "பட்டன் அவங்களுது. அவங்க கை அதுவரைக்கும் போகுது. நான் போட்டுவிட்டா நாளைக்கு அதுவும் போகாது" என்பாள். சரி, கையை எதற்குப் பின்னால் கட்ட வேண்டும் என்று சிஸ்டர் ஒட்டிலியா ஒருமுறை கேட்டாள். "முன்னாடி விட்டா அதுவே போய்ப் பட்டனைப் போட்டுடும், சிஸ்டர்" என்று பதில் வந்தது. அவளைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரியிலேயே கஷ்டமான வேலை அப்படி நிற்பதுதான். படுக்கைப் பாத்திரம் கழுவுவதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

நீல அங்கியின் வலது பையில் சீப்பு, நகவெட்டி, வெடித்த உதட்டுக்குத் தடவும் வாசலின் டப்பி, கொஞ்சம் புதினா மிட்டாய். நன்றி சொல்ல நினைக்கும் சொந்தக்காரர்கள் அந்தப் பைக்குள் எதையாவது திணிப்பது எங்கள் ஊர் வழக்கம். அக்ரூட் என்றால் வாங்கிக்கொள்வாள், நோட்டு என்றால் திருப்பித் திணித்துவிடுவாள். இடது பையில் ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருக்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை.

எங்களில் யாரும் கையில் வெளிச்சம் இல்லாமல் உலகத்தை விட்டுப் போகக் கூடாது. போகிற வழி இருட்டு. வீட்டில் சாகிறவனுக்குப் பெற்ற பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் சாகிறவனுக்கு யார் பிடிப்பது? வார்டில் நெருப்பு கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எந்தக் கட்டிலிலாவது ஆக்சிஜன் ஓடினால் சம்ஃபிரா அந்த எழுத்தை மீற மாட்டாள். வத்தியைப் பற்றவைக்காமல் விரல்களுக்கு நடுவே சும்மா பிடிக்கவைப்பாள். ஓடவில்லையென்றால் சிஸ்டர் ஒட்டிலியாவை ஒரு பார்வை பார்ப்பாள். சிஸ்டர் திரும்பி நின்று ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்க ஆரம்பிப்பாள்.

எப்போது ஏற்றுவது என்பதில்தான் அவளுக்குப் பெயர். மூச்சைக் கேட்பாள். போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொடுவாள், சில்லிப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று முழங்கால் வரை தடவிக்கொண்டே போவாள். அப்புறம் சொந்தக்காரர்களுக்குப் போன் போடச் சொல்வாள். அவள் சொல்லி எந்த மகனும் தாமதமாக வந்ததில்லை, எந்த மகளும் வீணாக வந்ததில்லை. சம்ஃபிரா காலைத் தொட்டுவிட்டாள் என்றால் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. அவளுக்கும் அதில் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய். அந்தக் கர்வம் இலாரியோன் விஷயத்தில் சறுக்கியது.

இலாரியோன் ஆற்றுக்கு அக்கரையில் தேனீ வளர்க்கிறவர். வயது எண்பதை நெருங்குகிறது, மனைவி இல்லை. பிப்ரவரிக் கடைசியில் விறகு எடுக்கப் போன இடத்தில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் வேனில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன; வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சு குழறியது. ஒரே மகள் சில்விகா இத்தாலியில் ஒரு வீட்டில் தங்கி அங்கே ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். பெற்ற அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வேறு யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டும் பெண் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். அதனால் சில்விகாவை யாரும் குறை சொல்லவில்லை, அவளே தன்னைச் சொல்லிக்கொண்டதைத் தவிர.

வந்து சில நாளில் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். அது வேலை செய்ய நாளை மாலை வரையாவது ஆகும், பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். சில்விகா பஸ் ஏறிவிட்டாள், ஆனால் பாதி ஐரோப்பாவைக் கடந்து வர வேண்டும். வழியிலிருந்து வார்டுக்குப் போன் செய்தாள். "அக்கா, நான் வர்றதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, எங்கப்பாவை இருட்டுல அனுப்பிடாதீங்க" என்றாள். அனுப்ப மாட்டேன் என்று சம்ஃபிரா வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் பிற்பகல். பெரியவருக்கு வைத்திருந்த ஆக்சிஜன் போதும் என்று காலையிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். அது நல்ல சேதி. ஆனால் சம்ஃபிரா அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரது மூச்சு படியேறுவதுபோல் ஏறி, மெல்ல இறங்கி, அடியோடு நின்று, மறுபடி தொடங்கியது. போர்வைக்குள் கைவிட்டாள். பாதம் பனிக்கட்டி. முழங்கால் வரை அதேதான். டாக்டர் மாலை வரை அவகாசம் கேட்டிருந்தார்; அவள் கொடுக்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஆற்றைப் பார்த்தாள். சம்ஃபிரா மெழுகுவத்தியை ஏற்றி, பெரியவரின் வலது கை விரல்களை அதைச் சுற்றி மடக்கி, மேலே தன் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

உருகிய மெழுகு ஒரு சொட்டு அவர் கட்டைவிரலில் விழுந்தது. இலாரியோன் கண்ணைத் திறந்தார். முதலில் சுடரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சம்ஃபிராவின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று ஊதி அணைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கரண்ட் போயிடுச்சு, பெரியப்பா."

தலைக்கு மேலே டியூப் லைட்டுகள் ஜோராக எரிந்துகொண்டிருந்தன. அடுத்த கட்டில்காரர் பெட்ராகே, லாரி டிரைவராக இருந்தவர், போர்வைக்குள் சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. இலாரியோன் சிரிக்கவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூச்சு அப்படி நின்று நின்று வருவது மூளை பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கும் வருவதுதான், அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். கால் சில்லிட்டதற்குக் காரணம் அதைவிட எளிது. சிஸ்டர் கண்ணில் படாமல் சிகரெட் பிடிக்கப் பெட்ராகே மூலை ஜன்னலை லேசாகத் திறந்து வைத்திருக்கிறார். மார்ச் மாதக் காற்று நேராக வந்து, கால்மாட்டில் தளர்ந்து கிடந்த பெரியவரின் போர்வைக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை பெட்ராகேயே அசடு வழிய ஒப்புக்கொண்டார். சம்ஃபிரா அவரைத் திட்டவில்லை. ஜன்னலைப் பார்க்காதது அவள்தான்.

அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பெரியவர் வாயைத் திறக்கவில்லை. ரவைக் கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார், தண்ணீருக்கும் அப்படியே. உதட்டை நனைத்துவிட்டால் நக்கிக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டர் ஒட்டிலியா கெஞ்சியபோது ஒரே ஒரு தடவை பேசினார். "என் வத்தி எரிஞ்சாச்சு. எரிஞ்சவனுக்கு எதுக்கும்மா கஞ்சி?" என்றார் குழறலாக. எங்கள் ஊரில் வத்தி ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்து பழக்கமில்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. கல்லறையில் குழி தோண்டுகிறவன் கூலி கேட்டு வந்துவிடப் போகிறான் என்று பெட்ராகே தமாஷ் பண்ணிப் பார்த்தார். அந்த வார்டில் முதல் தடவையாக அவர் தமாஷுக்கு யாரும் சிரிக்கவில்லை.

சாப்பிடாமலும் எழுந்து உட்காராமலும் கிடந்தால் மறுபடி நெஞ்சில் சளி கட்டும், இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சம்ஃபிராவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் போடலாம். ஆனால் வாழ வேண்டாம் என்று முடிவு செய்தவர் அதையும் பிடுங்கித்தான் எறிவார். டாக்டர் சம்ஃபிராவைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் தன் வேலையில் ஒன்றையும் விடவில்லை. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தாள். குதிகால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தாள். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டாள். செய்வதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் செய்தாள். அவர் மரக்கட்டையாகக் கிடந்தார். அவரால் தூக்க முடிந்த வலது கையைக்கூட அவளே தூக்கி, அவளே இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. துணி வைக்கும் அறைக்குள் போய், மடித்து வைத்த படுக்கை விரிப்புகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, கை கழுவி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு நேரம் வரல, பெரியப்பா. எனக்குத்தான் அவசரம்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து. "நான் பண்ணது தப்பு. என்னைத் திட்டுங்க. திட்டுறதுக்காவது வாயைத் திறங்க."

அடுத்த நாள் காலை உடம்பு துடைக்கும்போது ஒன்றைக் கவனித்தாள். அன்றைக்கு வத்தியைப் பிடித்திருந்த வலது கையை அவர் முஷ்டியாக மடக்கியே வைத்திருந்தார். விரலைப் பிரிக்கப் பார்க்கவில்லை அவள். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிச் சூடு பார்த்து, பேசினைக் கட்டிலிலேயே வைத்து, முஷ்டியை அப்படியே உள்ளே இறக்கினாள். "கை குளிக்குது. நீங்க உங்க பாட்டுக்குப் படுத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வெந்நீரில் முஷ்டி கொஞ்சம் கொஞ்சமாக இளகித் திறந்தது. கட்டைவிரலில் அந்தச் சொட்டு மெழுகு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தாள்.

அப்போது அந்தக் கை தானாக எழுந்தது. அந்தப் பிற்பகலுக்குப் பிறகு முதல் தடவையாக, யாரும் தூக்காமல். இலாரியோன் கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"என்ன மெழுகு இது?"

அதிசயப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று சம்ஃபிராவுக்குத் தெரியும். பேசினில் துணியை அலசிக்கொண்டே, மெழுகுதான், சர்ச் வாசலில் விற்பதுதான் என்றாள்.

"பாரஃபின்" என்றார் அவர், கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல.

"எல்லாரும் இதுலதான் போனாங்க, பெரியப்பா. இதுவரைக்கும் யாரும் வந்து குறை சொல்லல."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோணிய வாயில் எச்சில் வழிய, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று இடறி விழ, அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. லிண்டன் மரம் பூத்த ஒரு நல்ல வருஷத்தில், தன் தேனீப் பெட்டிகளில் எடுத்த தேன்மெழுகை உருக்கி, தன் கையால் இரண்டு மெழுகுவத்திகள் வார்த்து அதில் வைத்தார். ஒன்று மனைவி கையில் எரிந்தது. மற்றது அவருடையது. ஆயுள் முழுக்கத் தேனீயோடு வாழ்ந்தவன் கையில் பெட்ரோலிய மெழுகை, பெட்ரோல் பங்கில் மிஞ்சியதைக் கொண்டுவந்து சொருகலாமா?

"இந்த நாத்தத்தோட என்னைக் கொண்டுபோய் அவ முன்னாடி நிறுத்தப் பார்த்தியே" என்று முடித்தார். கண் கலங்கியிருந்தது.

சம்ஃபிரா துணியைப் பிழிந்து பேசின் விளிம்பில் போட்டாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததாகப் பெட்ராகே இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார்.

"அப்ப இது கணக்குல சேராதா?"

அவர் யோசித்தார். "இது எப்படிச் சேரும்?"

"அப்ப உங்க வத்தி இன்னும் பெட்டியிலதான் இருக்கு."

"பெட்டியிலதான் இருக்கு."

"ஏத்தல."

கட்டைவிரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டே, "ஏத்தல" என்றார் இலாரியோன்.

"ஏத்தலன்னா வாயைத் திறங்க" என்றாள் சம்ஃபிரா.

கஞ்சி ஆறிவிட்டிருந்தது. ஓடிப்போய்ச் சூடாக்கி எடுத்து வந்தாள். செருப்பின் கீச்சொலி மாடி முழுக்கக் கேட்டது. கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, விழுந்த கைக்கு அடியில் தலையணை வைத்து, மோவாயைக் கீழே இறக்கச் சொன்னாள். அரை ஸ்பூன், நல்ல பக்கமாக. தொண்டையில் அந்தக் குரல்வளை முண்டு ஏறி இறங்கும்வரை அடுத்ததை நீட்டவில்லை. இறங்கியது. இடது கன்னத்துக்குள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். இன்னும் அரை ஸ்பூன். பிறகு ஸ்பூனை அவர் வலது கையில் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாதி வாய்க்குப் போனது, பாதி மார்பில் போட்ட துண்டுக்குப் போனது. சர்க்கரை போட்டிருக்கிறாய், தேன் இல்லையா என்று அவர் குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு சம்ஃபிரா சந்தோஷப்பட்ட மாதிரி வேறு எதற்கும் பட்டதில்லை.

வழியில் பஸ் பழுதாகித் தாமதமான சில்விகா மறுநாள் மதியம் வந்தாள். பெட்டியைத் தாழ்வாரத்திலேயே போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் நெஞ்சில் விழுந்தாள். நடந்ததைக் கேட்டதும், தான் போனில் சொல்லப்போய்த்தானே இதெல்லாம் என்று அழுதாள். இல்லை, ஜன்னலைப் பார்க்காதது நான் என்று சம்ஃபிரா அழுதாள். ஒரு தப்புக்கு இப்படி இரண்டு பேர் அடித்துக்கொண்டதைப் பார்த்ததில்லை என்றார் பெட்ராகே. அப்புறம் சில்விகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழகிய கையோடு ஸ்பூனை வாங்கி அப்பாவுக்கு ஊட்டத் தொடங்கினாள்.

"உன் இத்தாலிக்காரம்மாவுக்கு ஊட்டு, கண்ணு. இவருக்குக் கை இருக்கு" என்றாள் சம்ஃபிரா. "வா, இப்படி நில்லு. கையைப் பின்னாடி கட்டு."

"இவ்வளவு தூரம் வந்தது கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா, அக்கா?"

"ஆமா. ஊட்டுறது எனக்கும் சுலபம்தான்."

சில்விகாவுக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. இரண்டு நாள் சம்ஃபிராவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா சட்டையின் கடைசிப் பட்டனைத் தானாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்குப் பேச்சு திரும்பியது. வீட்டுக்குப் போய் அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடம் பயந்துகொண்டே கேட்டாள். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். 'நான் வந்து' என்ற சொல்லைக் கேட்டு இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மெதுவாகத்தான் எல்லாம் நடந்தது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, தலைச்சுற்றல் அடங்கும்வரை பொறுப்பது, வெறும் சாக்ஸோடு இல்லாமல் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பது, நல்ல பக்கம் போட்ட நாற்காலிக்கு மாறுவது. அவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி சம்ஃபிரா அதைப் பிடித்துக்கொள்வாள். "நான் தூக்கல. நீங்க எழுந்திருக்கீங்க, நான் கூட நிக்கிறேன்" என்பாள். அக்கரையில் தேனீக்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டன என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியனுப்பியதிலிருந்து பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சம்ஃபிராவிடமும் ஒரு மாற்றம். இப்போதெல்லாம் யார் காலையும் தொடுவதற்கு முன்னால் ஜன்னலைப் பார்க்கிறாள். எப்படி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் அவள் வாயைப் பார்த்தால், டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறாள். ஊருக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். இடது பையில் புதிதாக ஒரு மெழுகுவத்தி வந்திருக்கிறது. பழையதும் கூடவே கிடக்கிறது. ஒருவருக்காக ஏற்றி அணைத்ததை இன்னொருவருக்கு ஏற்ற முடியாது, எறியவும் அவளுக்கு மனசு வரவில்லை.

இலாரியோன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நல்ல வெயில், ஆனால் காற்றில் குளிர் போகவில்லை. கீழே பக்கத்து வீட்டுக்காரர் வேனில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, விழுந்த கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, தன் பழைய தடித்த கோட்டைத் தானே மாட்டிக்கொண்டார். ஜிப்பின் அடியை, இப்போது கொஞ்சம் அசைய ஆரம்பித்திருந்த இடது கையின் விரல்கள் இரண்டு மூன்று எப்படியோ கவ்விப் பிடித்துக்கொண்டன. வலது கை இழுத்தது. கொட்டகை ஈரத்தில் துருப்பிடித்த ஜிப் அசையவில்லை. மறுபடி இழுத்தார். அவர் நெற்றியில் வியர்த்தது. வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. சில்விகாவின் கைகள் அவளை அறியாமல் முன்னால் வந்தன, பிறகு அவளே அவற்றை அடக்கிக்கொண்டாள்.

சம்ஃபிரா அவர் முன்னால் மண்டியிட்டாள். இடது பைக்குள் கைவிட்டு அந்தப் பழைய மெழுகுவத்தியை எடுத்தாள். அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அவள் ஜிப்பின் இரண்டு பக்கப் பற்களிலும் மேலும் கீழும் அதைத் தேய்த்தாள். வெள்ளைத் தூள் அவர் மடியில் உதிர்ந்தது.

"பாரஃபின் இதுக்குத்தான் லாயக்கு" என்றார் இலாரியோன்.

சம்ஃபிரா வத்தியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.